அடுப்புப் பற்றாத கதை

நெருப்பென்று சொன்னால் வாய் சுட்டுவிடாது என்பார்கள். அதுபோலவே, நெருப்பைப் பற்றி ஏட்டிலே படித்துவிட்டதனால் அடுப்பும் எரிந்துவிடாது. அதைப் பற்றவைப்பதற்கும், பற்றிய பின் அளவோடு எரிய வைப்பதற்கும் தனியானதோர் அறிவு வேண்டும். பட்டம் பெற்றுப் பல்லாண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவரும் எமக்கு அந்த அறிவு எத்துணைக் குறைவு என்பதைச் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவிலே தெரிந்துகொண்டோம்.

கிளிநொச்சியில் எமது வீட்டில் இராப்போசனம் முடியும் வேளை. கனடாவிலே, ரொறன்ரோ நகரில் வாழும் எமது தம்பி கைத்தொலைபேசியில் முகங்காட்டினான். அங்கே அப்போது காலை. அவனுக்குப் பின்னால், வளவிலே, கரிய பீப்பாய் போன்ற பொறியொன்று நின்றது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குளிகைகளை எரித்து, அந்தப் புகையிலும் வெப்பத்திலும் இறைச்சியைப் பல மணி நேரம் வாட்டியெடுக்கும் அடுப்பு அது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ திரேகர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

மாலையில் நண்பர்கள் பதினைந்துபேர் விருந்துக்கு வரவிருந்தார்கள். அடுப்போ பற்ற மறுத்தது. முன்பு பற்றிய நாளிலும் வெப்பம் ஏறுவதும் இறங்குவதுமாய் ஆட்டங் காட்டியதாம்.

“அண்ணா, நீங்கள் படிப்பிக்கிற ஆள்தானே, ஏன் எண்டு சொல்லுங்கோ” என்றான்.

நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் என மூன்று விரல்களை மடக்கினோம். அதற்குள் எமது தாயார் வந்து அருகில் அமர்ந்துவிட்டார்.

“இண்டைக்கு அங்கை வெள்ளிக்கிழமையோ தம்பி?”

“இல்லை அம்மா, சனி.”

வெள்ளிக்கிழமையில் இறைச்சி இல்லையென்ற ஆறுதலோடு, தாயார் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார்: “தூள் நனைஞ்சு போச்சோ? சாம்பல் அள்ளினனியோ? காத்து உள்ளுக்குப் போகுதோ?”

அந்தப் பொறியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் மரத்தூள் அடுப்பு அவருக்குக் கைவந்த கலை. இளைய வாசகர்கள் அதனைக் கண்டிராமலிருக்கலாம். பழைய தகரமொன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிடுவார்கள். தகரத்தின் நடுவே போத்தலொன்றை நிறுத்தி, துளைவழியே உருண்டைக் கட்டையொன்றைச் செலுத்தி, அது போத்தலின் அடியைத் தொடும்படி வைப்பார்கள். பின்பு மரக்காலையிலிருந்து கொணர்ந்த தூளைச் சுற்றிலும் கொட்டி, படைபடையாக இறுக்குவார்கள். போத்தலை மெல்லத் திருகி எடுத்து, கட்டையையும் உருவிவிட்டால், உள்ளே காற்று நுழைந்து மேலெழும்ப ஒரு வழி உண்டாகிவிடும். அடியிலே நெருப்பு வைத்தால் தூட்சுவர் உள்ளிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாய் எரிந்து, மணிக்கணக்கில் அனல் கொடுக்கும்.

இவ்வடுப்பின் நோய்கள் சில. தூள் ஈரமாயிருந்தால் புகையுமேயன்றிப் பற்றாது. ஒரு கிலோ தண்ணீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொணரும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்கிற்கும் அதிகமான வெப்பம், கொதித்த நீரை ஆவியாக்க வேண்டும். ஈரமான எரிபொருள் தன் சூட்டைத் தன்னை உலர்த்துவதிலேயே செலவழித்துவிடுகிறது. இறுக்கம் குறைந்தால் தூள் இடிந்து விழுந்து காற்றுவழியை அடைத்துவிடும். பானை இடைவெளியின்றி அமர்ந்தால் புகை போக வழியிராது. நெருப்பின் அளவுக்கோ, துளையின் முன்னே ஒரு செங்கற் துண்டு. அதைச் சற்றே நகர்த்தினால் அனல் கூடும், மூடினால் குறையும். கஞ்சி பொங்கும் ஓசையைக் கேட்டே தாயார் அந்தக் கல்லை நகர்த்துவார்.

தம்பியின் பொறியிலும் இவையனைத்தும் உள்ளன; பெயர்கள்தாம் வேறு. குளிகைகளைத் திருகுதண்டொன்று சிறு நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரத்தாற் சூடேறும் கோலொன்று பற்றவைக்கிறது. விசிறி காற்றூட்டுகிறது. வெப்பத்தை அளக்கும் உணர்கோல் செய்தி சொல்ல, கட்டுப்பாட்டுக் கருவி குளிகைகளைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. 110 பாகை என்று குறித்தால் அதனை ஒட்டியே வெப்பம் நிற்கவேண்டும். சூட்டைக்கொண்டே சூட்டை அடக்கும் இந்த யுக்தி புதிதன்று. 17 ஆம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தரான கொர்னேலிஸ் திரெபெல், தானாகவே வெப்பத்தைச் சீராக்கும் அடுப்பொன்றை அமைத்தார்.

தம்பி மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தான். மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேயே கிடந்தது. மாரியிலே கொள்கலனில் விட்டிருந்த குளிகைகள் ஈரமுறிஞ்சி ஊதி உதிர்ந்திருந்தன. கிண்ணம் நிறையச் சாம்பல். பற்றவைக்குங் கோல் அதற்குள்ளே புதைந்து, காற்றுத் துளைகளும் அடைபட்டிருந்தன. உணர்கோலிலே கொழுப்பும் கரியும் படிந்திருந்தமையால் அது கூறிய கணக்கும் பிழை. அவன் யாவற்றையும் துப்புரவாக்கிப் புதிய குளிகைகளைக் கொணர்ந்தான்.

“பத்தாமல் கிடந்த தூளை முழுக்க வெளியிலை கொட்டிப்போட்டு வை. இல்லாட்டி ஒண்டாய்ப் பத்தி மூஞ்சியைச் சுடும்” என்றார் தாயார்.

அது மெய்யே. பற்றாத குளிகைகள் குவிந்திருக்க மீண்டும் மூட்டினால் வெண்புகை திரண்டு, ஒரே கணத்தில் குப்பென்று தீப்பிடிப்பதுண்டு.

வெப்பம் ஏறும்வரை காத்திருந்தோம். அப்போது தம்பி, “மரத்தூள் அடுப்பெண்டால் எனக்கு ஒரு இருட்டுத்தான் ஞாபகம். விளக்கு நூந்து போச்சு. ஏனெண்டு தெரியாது” என்றான்.

எமக்குத் தெரியும். 1996 ஆம் ஆண்டு கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கத்திலே ஒரு கொட்டிலில் இருந்தோம். கார்த்திகை மழை. தம்பி சிறுவன், மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கொதிநீரும் கஞ்சியும் உடனே வேண்டியிருந்தன. விறகெல்லாம் நனைந்துவிட்டது. தூள் அடுப்போ புகைந்தது, பற்றவில்லை. தூள் மூட்டையைக் காக்கும் பொறுப்பு எம்முடையது. நாமோ அதனைக் கூரை ஒழுக்கின் கீழே போட்டுவிட்டு விளையாடப் போயிருந்தோம்.

தாயார் ஒன்றுஞ் சொல்லவில்லை. இறுக்கிய தூளைக் கொட்டினார். மூட்டையின் நடுவிலே கைவிட்டு, நீர் எட்டாத தூளை மாத்திரம் அள்ளினார். தகரத்தைத் துணியால் துடைத்து, மீண்டும் போத்தல் நிறுத்தி இறுக்கினார். பொருளாதாரத் தடையால் வன்னியில் மண்ணெண்ணெய் அமுதம்போல் அருமையாயிருந்த காலம் அது. எமக்கு இருந்தது சிறுபோத்தல் விளக்கிலிருந்த சொட்டு எண்ணெய் மட்டுமே. அவர் விளக்கை அணைத்து, அந்த எண்ணெயைக் கந்தையில் ஊற்றி, அடுப்பின் துளைக்குள் வைத்தார். கொட்டில் இருண்டது. பின்பு அடியிலே செந்நிறமாய் ஒரு கண் திறந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மூட்டையை ஒழுக்கின் கீழ் வைத்தது நாமே என்பதையும் முதன்முறையாக வாய்திறந்து கூறினோம்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார் தாயார்.

அந்நாளை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. அந்தப் புகையின் மிச்சம் தாயாரின் இருமலில் இன்றும் இருக்கிறது. வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்து, நாடெங்கும் மக்கள் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது, எமது வீட்டிலும் தூள் அடுப்பு மீண்டும் எரிந்தது. தாயாரின் சொற்படி அதனைக் குசினிக்குள் வைக்காமல், மாமரத்தடியிலே வைத்து எரித்தோம். எரிவாயு கிடைத்ததும் அது கொட்டிலுக்குப் போயிற்று, ஆனாலும் எறியப்படவில்லை. மாணவர்க்கும் அதனை ஒருமுறை இறுக்கிக் காட்டினோம். நூலிலே படித்த எரிதல் அன்றுதான் தமக்கு விளங்கியது என்றார்கள்.

திரையிலே தம்பி நெடுநேரம் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் பொறியின் குழாயிலிருந்து மெல்லிய நீலப்புகை எழுந்தது. நல்லபடி எரியும் நெருப்பின் அடையாளம் அது. மலேரியா இன்று எமது நாட்டிலே பரவுவதில்லை. அந்நோய் அற்ற நாடென 2016 இல் இலங்கைக்குச் சான்று கிடைத்துவிட்டது. அந்தச் சிறுவன் இன்று நரையோடிய தலையுடன் வேறொரு கண்டத்தில் நிற்கிறான்.

“அம்மா, பத்தீட்டுது” என்றான்.

“சரி தம்பி, மூடியை அடிக்கடி திறக்காதை, சூடு போயிடும்” என்றார் தாயார்.