எந்த மஞ்சள்?

லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடிகளில் இரண்டு வகை. ஒன்று லென்ஸைக் காப்பாற்ற. மற்றது படத்தை மாற்ற. இரண்டையும் ஒரே அலட்சியத்தோடு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன்.

முதலாவதில் பெரிய விவகாரம் இல்லை. புறஊதா விளக்கு வங்கி கௌண்டரில் எனக்குத் தினப்படிப் பழக்கம். அதன் கீழ் நல்ல நோட்டின் இழைகள் ஒளிரும். அதே கதிர் ஃபிலிமில் தொலைவுக் கடலை நீலப் புகையாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் யூவி ஃபில்டர். டிஜிட்டல் காமிராவில் சென்சாருக்கு முன்பே தடுப்பு உண்டு என்பதால் அந்த உபயோகம் அநேகமாகப் போயிற்று. ஆனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உப்புச் சாரலும் மணலும் போகவில்லை. பகலில் மாட்டலாம். இரவில் கழற்றிவிட வேண்டும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடுகிறது. இருட்டில் இல்லாத விளக்குகள் படத்தில் முளைக்கும்.

சிக்கல் இரண்டாவதில். 81ஏ என்பது வெளிறிய தேநீர் நிறத்துக் கண்ணாடி. இங்கே கடலைப் பார்த்த கட்டிடங்களெல்லாம் கிழக்கு முகம். பிற்பகலில் முகப்பு நிழலுக்குள் போய்விடும். அதன்மேல் விழுவது நீல வானின் வெளிச்சம் மட்டும். கண் இதைச் சமாளித்துக்கொள்ளும், ஃபிலிம் சமாளிக்காது. அப்போது 81ஏ நியாயமானது. இழந்ததைத் திருப்பித் தருகிறது. காலை ஏழு மணிக்கோ வெயிலே மஞ்சள். அப்போதும் அதை மாட்டுவது உருக்கத்தின்மேல் உருக்கம். நம் கவிதைகளில் பாதி இப்படி எழுதப்பட்டவை.

மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய சாயலிலேயே கட்டியிருக்கிறார்கள். விழுந்தது என்ன நிறம், வெண்ணெயா மஞ்சளா என்று நண்பர்களுக்குள் தர்க்கம். என் மாமா 1980களில் எடுத்த இரண்டு ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் வெண்ணெய், மற்றதில் பழுத்த மஞ்சள். அட்டையின் ஓரத்தில் பென்சிலால், 'காலை 7, ஒன்றுமில்லை', 'காலை 7, 81ஏ' என்று இருந்தது. அந்த நாலு வார்த்தை இல்லாவிட்டால் மஞ்சள்தான் ஜெயித்திருக்கும், அழகாக இருப்பதால். வெண்ணெய்கூட முழு உண்மை அல்ல; காலை வெயில் அதிலும் கொஞ்சம் பூசியிருக்கும். ஆனால் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்று யோசிக்கவாவது இடமிருக்கிறது.

இன்று கண்ணாடிகூட வேண்டாம். காமிராவின் மெனுவில் 'மேகமூட்டம்' என்று வைத்தால் அதே மஞ்சள் வந்துவிடும், ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல். மஞ்சள் கூடாது என்பதல்ல என் கட்சி. வவுச்சர் இல்லாத பதிவைப் பேரேட்டில் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான்.