பான் வருகிறது, விலகி நில்!

நெரிசலான படித்துறையில் படகுக்குப் படகே எதிரி. கொல்கத்தா இதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை அதிகம்.

பிரின்செப் படித்துறையில் மாலை நேரத்தில் படகு ஏறுவது ஒரு சிறு சாகசம். கரையோரம் நிற்கும் படகில் கால் வைத்து, அடுத்த படகுக்குத் தாவி, அதையும் கடந்தால்தான் சவாரிக்குப் பேசிய படகு வரும். மூங்கில் வளைவுக் கூரை போட்ட மரப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தலைக்கு மேலே 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம். பின்னால், அசோகர் காலத்து பிராமி எழுத்துகளைப் படித்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1840-களில் எழுப்பப்பட்ட வெள்ளைத் தூண் மண்டபம்.

பார்ப்பவர் கண்ணுக்கு ரம்மியம். படகுக்கோ ஓயாத தேய்மானம். ஒரு லாஞ்ச் கடந்து போனால் போதும், அதன் அலையில் வரிசை முழுவதும் ஆடி, பலகையோடு பலகை இடிக்கிறது. இடிபட்ட இடத்தில் இணைப்பு விடும், தண்ணீர் கசியும். பழுது பார்க்கக் கரையேற்றிய படகுக்கு அன்று சவாரி கிடையாது, படகோட்டிக்குக் கூலியும் கிடையாது.

ஹூக்ளி சாதாரண நதியாக இருந்தால் இத்தோடு போயிருக்கும். கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே இருந்தாலும் கொல்கத்தாவில் நதி கடலின் சொல்படிதான் நடக்கிறது. தினமும் இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் பல அடி கூடும். படகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால், நீர் இறங்கும்போது அது சாய்ந்து தொங்கும். தளர்த்திக் கட்டினால், நீரோட்டம் திசை மாறும்போது பக்கத்துப் படகின் மேல் போய் விழும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டினாலும் சிக்கல்தான். வெளியே நிற்கும் படகுகளின் இழுப்பு முழுவதையும் கரையோரப் படகின் கயிறு தாங்க வேண்டும். இடைவெளிகளில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை.

இதற்கெல்லாம் உச்சம், வங்காளிகள் ‘பான்’ என்று அழைக்கும் ஓத அலை. பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் குறுகும் நதிக்குள் நுழைந்து, சுவர்போல் எழும்பி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி வருகிறது. ஆழமான நடு ஆற்றில் அது பெரும்பாலும் ஒரு புரளலாகக் கடந்துவிடும். ஆழமில்லாத கரையோரத்திலோ உடைந்து நுரைத்துச் சீறும். அங்கே நெருக்கியடித்து நிற்கும் படகுகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தூக்கி எறியும்.

ஆகவே ‘பான்’ வருகிறது என்ற குரல் கேட்டதும் படகோட்டிகள் செய்யும் காரியம் புதியவர்களைத் திகைக்க வைக்கும். கரைக்கு ஓடி வருவதற்குப் பதிலாக, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போகிறார்கள். படகுக்குப் படகு இடம் விட்டு, முகப்பை அலைக்கு நேரே திருப்பிக் காத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் பாதுகாப்பு விதி இது.

பெரிய கப்பல்காரர்கள் இதே பாடத்தைக் கடும் நஷ்டத்தில் படித்தார்கள். 1864 அக்டோபர் 5 அன்று புயல் தாக்கியபோது கல்கத்தா துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் 195. சங்கிலிகளில் பிணைக்கப்பட்டு, கரையை ஒட்டி அடுக்கடுக்காக நின்றிருந்தன. காற்றும் பொங்கி வந்த வெள்ளமும் சேர்ந்து இழுக்க, பிணைப்பு அறுந்த கப்பல் பக்கத்துக் கப்பலையும் இழுத்துக்கொண்டு போனது. பின்னர் வெளியான அரசு அறிக்கையின் கணக்குப்படி 36 கப்பல்கள் அடியோடு நாசம், 97 கப்பல்களுக்குப் பலத்த சேதம், 39-க்கு லேசான சேதம். காயமின்றித் தப்பியவை வெறும் 23. கடற்கரை மாவட்டங்களில் புயல் அலைக்குப் பலியானவர்கள் சுமார் 50,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு.

பத்தாண்டுகள் கழித்து நதி மீண்டும் நினைவூட்டியது. ஹவுராவையும் கல்கத்தாவையும் இணைக்க மிதவைப் பாலம் உருவாகிக்கொண்டிருந்தது. 1874 மார்ச் 20 அன்று வீசிய புயலில் ‘எஜீரியா’ என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு பாலத்தில் மோதியது. மூன்று மிதவைகள் சேதமாயின. பாலத்தில் ஏறக்குறைய 200 அடி அழிந்தது. சரிசெய்யப்பட்ட பாலம் அந்த அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. இன்று அங்கே நிற்கும் ஹவுரா பாலம் 1943-ல் அதன் வேலையை எடுத்துக்கொண்டது.

அடிபட்ட நகரம் சும்மா இருக்கவில்லை. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்ததற்கு 1864 புயலும் ஒரு காரணம். முதல் தலைமையகம் கல்கத்தாவே. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த ஹென்றி பிடிங்டனும் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். 1870-ல் துறைமுகத்துக்குத் தனி நிர்வாகம் வந்தது. 1892-ல் கிதிர்பூர் கப்பல்துறை செயல்படத் தொடங்கியது. அங்கே கதவு வைத்து நீர்மட்டத்தைக் காக்கிறார்கள். நதி ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே நிற்கும் கப்பலுக்குக் கவலையில்லை.

சென்னைவாசிக்கு மரீனா என்றால் கடற்கரை. மேல்நாடுகளில் அது உல்லாசப் படகுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் துறை. கொல்கத்தாவில் அப்படிப்பட்ட வசதி இல்லாவிட்டாலும், அங்குள்ள படகுச் சொந்தக்காரரின் புலம்பல் பிரின்செப் படகோட்டிக்குப் புரியும். திரும்ப இடமில்லை, பக்கத்துப் படகு இடிக்கிறது, ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதைக் காப்பாற்ற முடியாது. கடைசிக் கவலைக்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவில் பிடித்த தீ படகிலிருந்து படகுக்குத் தாவியது. 30-க்கும் மேற்பட்ட விசைப்படகுகள் கருகின.

இதற்கிடையே ஹூக்ளியில் ஆசைகள் பெருகிவருகின்றன. 2023 ஜனவரியில் வாரணாசியில் கிளம்பிய ‘கங்கா விலாஸ்’ சொகுசுக் கப்பல் கொல்கத்தா வழியாக அசாமுக்குப் போனது. 2024 முதல் நதிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடினாலும் பாபுகாட், ஹவுரா, பாக்பஜார் என லாஞ்சுகள் கரைக்குக் கரை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. லாஞ்சுகள் வந்தணையும் மிதவை ஜெட்டிகள் நீரோடு ஏறி இறங்குவதால் கயிற்றுச் சிக்கல் குறைகிறது. பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள் இடியை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. 2017 ஏப்ரலில் ஹூக்ளி மாவட்டம் தெலினிபாடாவில் ஆட்கள் நிறைந்திருந்த மூங்கில் ஜெட்டி சரிந்து பலர் உயிரிழந்தனர்.

படித்துறையை அழகுபடுத்துவதும் உல்லாசப் படகுகளை வரவழைப்பதும் நல்ல காரியங்களே. ஆனால் ஒவ்வொரு புதிய ஜெட்டியும் நதியோரத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் இடத்தில் சிறு படகுகள் இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். எத்தனை படகுகளைக் கட்டலாம் என்று கணக்குப் போடும் அதிகாரிகள், ‘பான்’ வரும்போது அத்தனையும் ஒன்றையொன்று இடிக்காமல் அவிழ்ந்து வெளியேற வழி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். குரல் கேட்டதிலிருந்து அலை வரும்வரை கிடைப்பது சொற்ப நேரம். பக்கத்துப் படகின் கயிற்றில் சிக்கிக்கொண்டவனுக்கு அதுவும் போதாது.