வஞ்சிரம் வேண்டாம், ஜிலேபி போதும்! திருக்கோவிலூரிலிருந்து ஒரு மீன் பயணம்

மே மாதம் பிறந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு கட்டுரை நிச்சயம் உண்டு. ‘சென்னையில் பட்ஜெட் விலையில் மீன் சாப்பாடு எங்கே?’ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விடும் காலம். நாட்டுப் படகில் வருவதையும் வெளியூரிலிருந்து ஐஸில் வருவதையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இந்த வருடம் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நானும் வெயிலில் சுற்றினேன். சேப்பாக்கத்தில் 1961 முதல் நடக்கும் நாயர் மெஸ், மெரினா மணலில் இருக்கும் மீன் கடைகள், பட்டினப்பாக்கம் பக்கம் என்று ஒரு லிஸ்ட் தயார். எல்லாம் நல்ல கடைகள்தான். ஆனால், எழுத உட்கார்ந்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

போன வருடம் கண் பரிசோதனைக்காக அம்மா ஊரிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். வேலையில் சேர்ந்த பிறகு முதன்முறையாக வந்திருக்கிறாரே என்று ஒரு கடல் உணவு ரெஸ்டாரன்ட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏசி, மங்கலான லைட், இங்கிலீஷில் மெனு. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். “எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. தயிர் சாதம் சொல்லு பாப்பா” என்றார். நான் மட்டும் ஒரு துண்டு வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டேன். “இது எவ்ளோ?” என்று கேட்டபோது பாதி விலையைச் சொன்னேன். அதற்கே அம்மா பஸ்ஸில் வரும்போது, “அந்தக் காசுக்கு சாத்தனூர்ல நாலு பேரு சாப்பிட்டிருக்கலாம்டி” என்றார்.

அதனால், லிஸ்ட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் திருக்கோவிலூர். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து அந்த மாவட்டத்தில் இருக்கிறோம். ஆற்றைத் தாண்டி அரகண்டநல்லூருக்குள் கால் வைத்தால் விழுப்புரம் மாவட்டம். ஒரு காலைத் தூக்கி வானத்தை அளந்தபடி நிற்கும் உலகளந்த பெருமாளைப் பார்க்கவும், அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கும் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அப்படியே ஆற்றுக்குள் பாறைமேல் நிற்கும் கபிலர் குன்றையும் பார்ப்பார்கள். பாரி மகளிருக்கு வாழ்வு அமைத்துக் கொடுத்துவிட்டு, கபிலர் பட்டினி கிடந்து உயிர்விட்ட இடம் என்று சொல்லப்படுவது அது. ‘உன் கை மென்மையாக இருப்பதற்குக் கறிச்சோறு சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை தெரியாததுதான் காரணம்’ என்று சேர மன்னனிடம் சொன்ன புலவருக்கு இப்படியொரு முடிவு. ஒவ்வொரு முறை பாலத்தைக் கடக்கும்போதும் எனக்கு இது உறுத்தும்.

கோயில் ஊர் என்பதால் மீன் சாப்பாட்டுக்கென்று யாரும் திருக்கோவிலூருக்கு வருவதில்லை. மே மாதத்தில் ஆறும் வெறும் மணல்தான். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி அணையில் ஒருமுறையும் சாத்தனூர் அணையில் ஒருமுறையும் நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வர வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதானே மீனும் நிற்கும்? அதனால், மீன் ஆசை வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் மேற்கே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

ஸ்கூட்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டேன். மணலூர்ப்பேட்டை வழியாகத் தண்டராம்பட்டு பக்கம் போய், அங்கிருந்து அணை. தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வரும் ஊர் மணலூர்ப்பேட்டை. அன்றைக்கு மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும். சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். நாங்கள் போன அன்று நாலு மாடுகள் மட்டும் நின்றன.

சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-ல் கட்டி முடித்தது. முழு நீர்மட்டம் 119 அடி. பூங்கா, முதலைப் பண்ணை எல்லாம் உண்டு. சினிமா ஷூட்டிங் நடந்த இடம் என்று அம்மா ஒவ்வொரு படிக்கட்டையும் காட்டினார். சரி, நாம் வந்த வேலைக்கு வருவோம்.

அணைக்குப் போகும் வழியில் வரிசையாக மீன் கடைகள். சிவக்கச் சிவக்க மசாலா தடவி, தட்டில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். நீங்கள் விரலை நீட்டிக் காட்டினால் அந்தத் துண்டு எண்ணெய்க்குள் போகும். மெனு கார்டு கிடையாது. “இது எவ்ளோக்கா... அது எவ்ளோக்கா...” என்று கேட்டுக்கொண்டே போகலாம். பேரம் பேசினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் வாழை இலை, கொஞ்சம் வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. அவ்வளவுதான் அலங்காரம்.

இங்கே கிடைப்பது கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் விரால். “நம்ம ஆத்து மீன் ருசி எதுக்கு வரும்!” என்று அம்மா பெருமையாகச் சொன்னார். நான் கூகுள் தலைமுறை ஆச்சே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அம்மா, இதுல விராலைத் தவிர எதுவுமே நம்ம ஆத்து மீன் இல்ல” என்றேன்.

கட்லாவும் ரோகும் மிர்காலும் கங்கைப் பக்கத்து மீன்கள். அணைத் தண்ணீரில் கொழுகொழுவென்று வளரும். ஆனால், தேங்கிய நீரில் முட்டையிடாது. மழைக்காலத்தில் புரண்டுவரும் புது வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த வகைக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு அடுத்த வருடம் சாத்தனூர் அணை தயார். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்து அணையில் விட்டால் போதும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்ந்து தன் பாட்டுக்கு வளரும். தீனிச் செலவு கிடையாது, படகு டீசல் செலவும் பெரிதாக இல்லை. தடைக்காலத்தில் சென்னை விலை எகிறும்போது இங்கே ஒரு தட்டு மீன் கட்டுப்படியாவதற்கு இதுதான் காரணம்.

ஜிலேபியின் கதை வேறு. திலாப்பியாவைத்தான் நம் ஆட்கள் ஜிலேபியாக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்க மீன். இந்தியாவுக்கு வந்தது 1952-ல். முட்டையையும் குஞ்சையும் தாய் மீன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அதனால் போட்ட இடத்தில் பெருகி, உள்ளூர் மீன்களை ஓரம்கட்டிவிடும். அயிரையும் உளுவையும் கெளுத்தியும் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். விலை மலிவு என்பதில் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார், “வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்துதா? பாவம், அது எப்படிடி சாப்பிடும்?” நல்ல கேள்வி. குஞ்சுகள் வெளியே வரும்வரை அது ஏறக்குறைய பட்டினிதான்.

இரண்டு மீன் குழம்பு சாப்பாடு, ஒரு முழு ஜிலேபி வறுவல், ஒரு கட்லா நடுத்துண்டு. வீட்டில் எப்போதும் நடுத்துண்டு எனக்கும் அப்பாவுக்கும். தலை அம்மாவுக்கு. ‘தலைதான் ருசி’ என்பார். எங்களுக்காகச் சொல்லும் பொய் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதனால், கட்லா நடுத்துண்டை அவர் இலையில் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு கடைக்கார அக்காவிடம், “குழம்புல தல இருந்தா ஒண்ணு போடும்மா” என்றார். தலை வந்தது. கண்ணை மூடி உறிஞ்சிச் சாப்பிட்டார். நடுத்துண்டு என் இலைக்கே திரும்பி வந்தது, முள் எடுக்கப்பட்டு. ரோகு, கட்லாவில் பொடி முள் அதிகம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஜிலேபி வாங்குங்கள், முள் குறைவு.

மொத்தம் 350 ரூபாய்க்குள் முடிந்தது. பெட்ரோலைச் சேர்த்தாலும் அந்த வஞ்சிரத் துண்டுக்கு எட்டாது.

கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் கடைக்கார அக்கா பேச உட்கார்ந்தார். காணும் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் நிற்க நேரமிருக்காதாம். புரட்டாசியில் ஈ ஓட்ட வேண்டியதுதானாம். “எண்ணெ வெல ஏறிப்போச்சு. துண்டுக்குப் பத்து ரூபா ஏத்தினா வர்றவங்க திரும்பிப் போயிடுறாங்க” என்றார். மலிவாகச் சாப்பிட்டோம் என்று நாங்கள் கொண்டாடிய பத்து ரூபாய் அவர் அடுப்பிலிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்திருந்தேன். போகும்போது அதை எண்ணெய் டப்பா பக்கத்தில் வைத்தேன். அவர் அதற்கு இரண்டு வறுத்த துண்டுகளைப் பார்சல் கட்டிவிட்டார்!

பேச்சு 2024 டிசம்பருக்குப் போனது. ஃபெஞ்சல் புயல் மழையில் அணை நிரம்பி, 2-ம் தேதி விடியற்காலை விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டு உயர்மட்டப் பாலம் ஆற்றோடு போனது. எங்கள் ஊரில் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியதை அம்மா வீடியோ காலில் எனக்குக் காட்டினார். “அன்னிக்கு உங்க மீனெல்லாம் எங்க ஊருக்கு வந்துடுச்சு. தண்ணி வடிஞ்சதும் தெருவுல பாதிப்பேர் வலையோட நின்னாங்க” என்றார் அம்மா. “சாப்பிட்டீங்கல்ல? அப்போ எங்களுக்குக் காசு பாக்கி இருக்கு” என்று அக்கா சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் வந்தால் திருவண்ணாமலையில் இறங்கி பஸ் பிடிப்பது சுலபம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நல்ல துண்டுகள் காலி. அணை மீனா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். முதலைகள் உள்ள இடம் என்பதால் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.

திரும்பும்போது மணலூர்ப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்பாவுக்கான பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார், “அந்த வஞ்சிரம் நெஜமா எவ்ளோடி?”

“அதான் அன்னிக்கே சொன்னேனே மா.”

“எனக்கு இங்கிலீஷுதான் தெரியாது. நம்பர் தெரியும்” என்றார்.