யானைக் குன்றில் ஒரு பகற்பொழுது

நடந்து செல்லும் மனிதன் முந்திப் போகக்கூடிய அளவுக்கு மெதுவாக மோட்டார் வண்டி ஓட்டுவதைப் பெருமையாகக் கருதுவோரை நாம் முதன்முதலாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலேதான் கண்டோம். அங்கே மோப் என்னும் சிற்றூரிலிருந்து தெற்கே 40 மைல் சென்று, பின்னர் மேற்கே திரும்பி மேலும் 35 மைல் சென்றால், கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி வருகின்றது. செம்மையும் வெண்மையும் மாறிமாறி வரியோடிய மணற்பாறைகள் அங்கே கூட்டங்கூட்டமாகக் கூர்த்து நிற்கின்றன. ஆதலால் அதற்கு 'ஊசிகள்' என்று பெயர். அப்பாறைகளுக்கு அப்பால் போக விரும்பும் வண்டி முதலில் ஏறியிறங்க வேண்டிய குன்றே யானைக் குன்று. ஆனையிறவைக் கடந்து போய்வந்து பழகிய எமக்கு அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் ஆனையிறவு வெளி உள்ளங்கைபோலத் தட்டையானது. இந்தக் குன்றோ எடுத்த எடுப்பிலேயே வானத்தைக் காட்டி நின்றது.

ஐப்பசி மாதத்துக் குளிர்ந்த காலையொன்றில் மூன்று ஜீப் வண்டிகளில் ஒன்பது பேர் அதன் அடிவாரத்தை அடைந்தோம். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட தொகையான வண்டிகளுக்கே அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். எம்மவர் அதை முன்கூட்டியே பெற்றிருந்தனர். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டுகளாக இப்பாதையை அறிந்தவர். மூன்றாவது வண்டியின் சாரதி அவருடைய சகோதரியின் மகன், இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவன். அந்த வண்டியின் பின்னாசனமே எமக்குக் கிடைத்தது.

முதற் காரியம் சில்லுகளிலிருந்து காற்றை இறக்குவது. சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தலாக இருந்த காற்றமுக்கத்தை 18 ஆகக் குறைத்தார்கள். நல்ல ரயரை ஏன் இப்படிச் சோர வைக்கிறார்கள் என்று நாம் வியந்தோம். காற்றுக் குறைந்த ரயர் பாறைமேல் அகன்று படிந்து, பூனையின் பாதம்போலப் பற்றிக்கொள்ளும் என்றார் தலைவர். ஆனால் அதன் பக்கச் சுவர் புடைத்து நிற்கும். கூரிய கல் பட்டால் முதலிற் கிழிவதும் அந்த இடமே. இதை அவர் தம் மருமகனைப் பார்த்தே சொன்னார்.

இத்தகைய வண்டியில் வழக்கமான கியர்களோடு இன்னொரு சிறு கியர்ப்பெட்டியும் இருக்கின்றது. அதனைத் தாழ்நிலையில் இட்டால் இயந்திரம் விரைந்து சுழலச் சில்லுகள் ஆமைபோல் உருளும், இழுவிசை பன்மடங்காகும். நான்கு சில்லுகளுக்கும் அவ்விசை செல்வதால், படிபோன்ற பாறையிலும் வண்டி தொற்றி ஏறும். ஆனால் ஏறும்போது வண்டியின் முன்மூடி உயர்ந்து நிலத்தை மறைத்துவிடுகின்றது. சாரதிக்குத் தெரிவது வானம் ஒன்றே. எனவே ஒருவர் இறங்கி, மேலே நின்று கையால் வழி காட்டுகின்றார். 'இடப்பக்கம் ஒரு சாண்', 'நில்', 'வா' என்பனவெல்லாம் விரல்களாலேயே சொல்லப்படுகின்றன. காணாத நிலத்தில் இன்னொருவர் கையை நம்பிச் சில்லை வைப்பதுதான் இந்தச் சாரத்தியம்.

குன்றின் மறுபுறம் இன்னும் கடினமானது. அங்கேயுள்ள வளைவு மிக ஒடுக்கமானது. வண்டியைத் திருப்ப இடமில்லை. மூக்கை ஒரு திட்டில் நுழைத்துவிட்டு, அடுத்த இறக்கம் முழுவதையும் பின்புறமாகவே இறங்கவேண்டும். நாம் வண்டியை விட்டு இறங்கி நடந்தே வந்தோம். அதற்காக வெட்கப்படவில்லை.

இந்தப் பாதையை 1940-களில் திருத்தியவர்கள் மாடு வளர்ப்போர்; மந்தைகளை உள்ளே இருந்த புற்றரைகளுக்குக் கொண்டுசெல்வதே அவர்கள் நோக்கம். பின்னர் ஆர்ச்சஸ் இயற்கைச் சின்னப் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்த பேட்ஸ் வில்சன் என்பவர், இந்நிலத்தைக் காக்கவேண்டுமென்று பெரியோரை ஜீப்பில் ஏற்றிவந்து காட்டினார். 1961இல் அவ்வாறு வந்தவர்களுள் உள்நாட்டுத்துறை அமைச்சர் ஸ்ருவட் உடாலும் ஒருவர். 1964 செப்ரெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் கையெழுத்திட்டுப் பூங்கா உருவாயிற்று. குலுங்கிக் குலுங்கி எலும்பு நொந்த பின்னரும் அமைச்சர் இணங்கினார் என்றால், அவர் கண்ட காட்சி எத்தகையதென்று சொல்லத் தேவையில்லை.

குன்றுக்கப்பால் இடங்களுக்கெல்லாம் பிசாசின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பிசாசின் அடுக்களை, பிசாசின் ஒழுங்கை என்று போகின்றது அந்த வரிசை. ஒழுங்கை என்பது உண்மையிற் பொருத்தமே. இருபுறமும் நேர்ச்சுவர்போலப் பாறை நிற்க, நடுவே நிலம் தட்டையாகத் தாழ்ந்து நீண்டு கிடக்கின்றது. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு இந்நிலத்தின் அடியிலே தடித்த படையாக இருக்கின்றது. பாரத்தின் கீழ் உப்பு மெல்ல வழிவதால், மேலுள்ள பாறை கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்து, வெடித்து, இடையிடையே அமிழ்ந்துவிட்டது. அந்த நகர்வு இன்றும் நின்றபாடில்லை.

வழியில் ஓரிடத்தில் பாறைப்படி ஒன்று எதிர்ப்பட்டது. அதன் அருகே மணல் வெளியால் சுற்றிப் போக இடமிருப்பதுபோலத் தோன்றவே, இளைஞன் சுக்கானை அப்பக்கம் ஒடித்தான். முன்வண்டியிலிருந்து பாய்ந்து வந்த தலைவர் இரு கைகளையும் விரித்து மறித்தார். அந்த மணலின்மேல் கரிந்த அப்பம்போலக் கறுத்து மேடுபள்ளமான ஒரு மேலோடு இருந்தது. நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசிகளும் மணலைப் பிணைத்து ஆக்கிய உயிருள்ள ஓடு அது. மண் காற்றிற் பறக்காமல் காப்பதும், பயிருக்குரிய நைதரசனைச் சேர்ப்பதும் அதுவே. ஒருமுறை சில்லு ஏறினால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். "பாறையை எவ்வளவும் மிதி, இதை மிதிக்காதே" என்றார் அவர். இளைஞன் முகம் சிவந்தது. அதன்பின் அவன் அதிகம் பேசவில்லை.

அந்த மனத்தாங்கலோடுதான் 'வெள்ளிப் படிகள்' என்னும் இறக்கத்துக்கு வந்து சேர்ந்தான். முன்னிரு வண்டிகளும் கீழே இறங்கிவிட்டன. வழிகாட்ட வேண்டியவர் மேலேறி வருமுன்னரே இவன் பிரேக்கைத் தளர்த்தினான். இரண்டாம் படியில் வண்டி ஒரு பக்கம் தொப்பென்று விழுந்தது. அடித்தட்டு பாறையில் உராய்ந்த ஓசையும், அதனைத் தொடர்ந்து நீண்ட பெருமூச்சுப்போன்ற சீறலும் கேட்டன. பின் வலச் சில்லின் பக்கச் சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

யாரும் ஏசவில்லை. சாய்ந்த பாறையில் ஜாக்கியை நிறுத்தி, கற்களை அண்டை கொடுத்து, மேலதிகச் சில்லைப் பூட்ட ஒன்றரை மணி நேரம் சென்றது. இனி அந்த வண்டிக்கு மாற்றுச் சில்லு கிடையாது. கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. வண்டி நின்றுபோனால் இழுத்துச் செல்லும் கூலி ஆயிரம் டொலருக்கு மேல். குடிநீரும் நாம் கொண்டுவந்தது மட்டுமே.

படிகளுக்கப்பால் ஒரு சந்தி. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கிறீன் ஆறும் கொலராடோ ஆறும் கலக்கும் சங்கமத்தை ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்குப் போகலாம். 1869இல் ஜோன் வெஸ்லி பவல் படகுகளோடு வந்து தங்கிய சங்கமம் அது. இரு நிற நீர்கள் கலவாமற் சற்றுத்தூரம் அருகருகே ஓடுவதைக் காணவே நாம் இத்தனை தூரம் வந்திருந்தோம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பின்னர் சில்லைப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பினார். அவர் செய்தது சரியே. எனினும் எமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை மறைக்க விரும்பவில்லை.

மாலையில் யானைக் குன்றின் அடிக்கு மீண்டும் வந்தோம். காலையிற் பின்புறமாக இறங்கிய அதே இடத்தில் இப்போது பின்புறமாக ஏறவேண்டும். இளைஞன் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"மாமா, இந்த ஏற்றத்துக்கு நீங்களே ஓட்டுங்கள்."

"நான் ஓட்டினால் மேலே நின்று கை காட்டுவது யார்? நீயா?"

அவன் பதில் சொல்லவில்லை.

"ஏறு. கண்ணாடியில் என் கையை மட்டும் பார். பாறையைப் பார்க்காதே."

நாம் ஓரமாக ஏறி நின்று பார்த்தோம். தலைவர் மேலே நின்று ஒரு விரலை அசைத்தார். வண்டி ஓரடி வந்தது. உள்ளங்கையைக் காட்டினார், நின்றது. வெளிப்பக்கச் சில்லுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத வேளையும் வந்தது. மூச்சுவிடவும் மறந்திருந்தோம். கிழவரின் கை நடுங்கவில்லை. பையனின் முகத்தில் வியர்வை வழிந்தது; ஆனால் ஒருமுறையேனும் அவன் கை காட்டுமுன் அசையவில்லை. நூறு பாகங்கூட இல்லாத அத்தூரத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் சென்றது.

அடிவாரத்தில் மூன்று வண்டிகளுக்கும் மீண்டும் காற்றடைக்க வேண்டியிருந்தது. காற்றுப்பொறி சிறியது, ஒரு சில்லுக்கு ஐந்து நிமிடமாவது பிடிக்கும். இளைஞன் குழாயை யாரிடமும் கொடுக்கவில்லை. மண்டியிட்டபடியே ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தான். மத்தியானம் உண்ண மறந்த உணவுப் பொட்டலங்களை நாம் அப்போதுதான் அவிழ்த்தோம். அவனுக்கும் ஒன்றை நீட்டினோம். முடிந்த பின் உண்பதாகச் சொன்னான். பன்னிரண்டாவது சில்லும் நிறைந்தபோது ஊசிப் பாறைகள் இருளில் மறைந்துவிட்டன.