ஒத்தி வீடு

மதுரையின் பழம்பகுதி சதுரத்துள் சதுரமாய் அமைந்தது. நடுவே திருக்கோயில், மதிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சூழச் சித்திரை வீதி, அதன் புறத்தே ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி, எல்லையில் வெளி வீதி. 1840-களில், பிளாக்பர்ன் ஆட்சியராய் இருந்த காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தே எழுந்தவையே வெளி வீதிகள்.

பணி ஓய்வுக்குப் பின், ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தொன்றில், மாடியில் இரண்டறை பிடித்தோம். பல குடிகள் ஒரே வாயிலுக்குள் வாழும் இத்தகைய மனையை இங்கே 'வளவு' என்பர். கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. வடக்கு வெளி வீதியில், 1904-இல் பாரதியார் சில திங்கள் தமிழாசிரியராய் இருந்த சேதுபதி பள்ளி. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்திற்கும் நடந்தே செல்வேன். புறநகரில் இத்தொகைக்கு மும்மடங்கு இடம் கிடைக்குமென்று உறவினர் கூறினர், உண்மையே. அவர்களே சித்திரைத் திருவிழாவில், மாசி வீதியில் தேர் காண வந்து, எம் இரண்டறையில் தங்குவர்!

எம் வீடு ஒத்தி வீடு. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலம் முடிந்து வெளியேறும்போது தொகை முழுதும் மீளும். 'ஒற்றி' என்னும் பழஞ்சொல்லே பேச்சில் 'ஒத்தி' ஆயிற்று. வீட்டின்மேல் முன்னரே கடன் இருப்பின் கொடுத்த பணத்திற்கு இடர் உண்டாகும். ஆதலின் வில்லங்கச் சான்று பார்த்தல் இன்றியமையாதது. வாடகைக்கு எடுப்போரும் எழுத்தாவணம் செய்துகொள்ள வேண்டுமென்பது 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம்.

சந்து மிகக் குறுகியது. சென்ற ஆண்டு நள்ளிரவில் என் மனைவிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்சு வீதி முனையிலேயே நின்றுவிட்டது. கீழ்வீட்டு இளைஞர் இருவர் அவளை நாற்காலியில் அமர்த்தி அதுவரை சுமந்து சென்றனர். யான் பின்னே ஓடினேன். எழுந்து வந்த மற்றொரு வீட்டார் எம் கதவைப் பூட்டிச் சாவியைக் காத்தனர். பிழைத்தாள்.

எம் சந்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் சில இப்போது சரக்கறைகளாயும் விடுதிகளாயும் மாறிவிட்டன. வணிகர் தரும் தொகையைக் குடியிருப்போர் தர இயலுமோ? சரக்கறை வாயிலில் காலையில் கோலம் இல்லை. இரவில் விளக்கும் இல்லை. கூவி அழைத்தால் வருவார் யார்?

வரும் தையில் எம் ஒத்திக் காலம் முடிகிறது. வளவு முழுவதையும் சரக்கறைக்குக் கேட்டு ஒரு வணிகர் இருமுறை வந்து சென்றார். வீட்டுக்காரர் இன்னும் விடை கூறவில்லை.