நிழற்படத்தில் நில்லாத பதினொருவர்

கல்வியின் பயன் யாது என வினவினால், நல்ல வேலை என்பர் சிலர். நல்ல பண்பு என்பர் வேறு சிலர். உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் பயிலும் பிள்ளைகளைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. அதுவரை ஒன்றாய் ஓடியாடிய பிள்ளைகள், பள்ளியைப் பிரியுங் காலம் நெருங்க நெருங்கத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விடுகின்றனர். வயது ஏறுகின்றது, அறிவும் ஏறுகின்றது, ஆயின் மனம் மட்டும் சுருங்குவது ஏன்? நாம் செய்த பிழையொன்றைக் கூறி இதனை ஆராய விரும்புகின்றோம்.

நமது கோலார் தங்கவயல், படிப்படியாகப் பிரித்து அமைக்கப்பெற்ற ஊர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறினர். துரைமார்க்குப் பங்களாவும் தோட்டமும் மன்றமும் இருந்தன. நிலத்தடியில் உழைத்தோர்க்கு மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடுகளே இருந்தன. இவ்விரண்டிற்கும் இடையே எத்தனையோ படிகள்! லைன்களுக்குள்ளும் சாதி புகுந்து சுவர் எழுப்பிற்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. மன இருளை அது போக்கவில்லை. அவ்விருளைப் போக்கவே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளை பரப்பி, பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று எடுத்துரைத்தது.

இத்தகைய ஊரில் பிறந்த நாம், 2006ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பெற்று ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. ஊரில் பணம் புழங்கிய வீடுகள் சிலவே. பெமல் ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு கூட்டம். இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். லைன் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஒன்பதாம் வகுப்புவரை சயனைடு மண்மேட்டில் ஒன்றாய்ச் சறுக்கி விளையாடிய நாங்கள், பத்தாம் வகுப்பில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவும் தனித்தனி மரநிழல் தேடினோம்.

நம் தந்தையார் சுரங்கத்தின் மேற்பரப்புப் பட்டறையில் பணிபுரிந்தவர். அதனால் லைன் பிள்ளைகளினும் நாம் ஒரு படி மேல் என்னும் எண்ணம் நமக்கு இருந்தது. தந்தையாரின் வேலையும் அதே நாளில் போயிற்று என்பதை வசதியாக மறந்திருந்தோம். வகுப்புத் தலைவன் என்னும் பட்டமும் நம்மிடம் இருந்தது.

பிரிவு உபசார விழாவிற்கும் நிழற்படத்திற்கும் தலைக்கு ஐம்பது ரூபாய் என்று முடிவாயிற்று. பணம் திரட்டும் பொறுப்பு நம்முடையது. நோட்டுப் புத்தகத்தில் ‘கொடுத்தோர்’, ‘கொடாதோர்’ என இரு தலைப்பிட்டோம். கொடாதோர் பதினொருவர்; அனைவரும் லைன் பிள்ளைகள். அப்பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்து, “கொடாதவர் படத்தில் நிற்கலாகாது” என்றும் அறிவித்தோம். ஆசிரியர் எவரும் இதனைக் கூறச் சொல்லவில்லை, நாமே கூறினோம். நம் பங்கான ஐம்பது ரூபாயோ, பெங்களூரில் கூலி வேலை செய்த தாய்மாமன் அனுப்பியது!

படம் எடுத்த அன்று, பதினொருவருள் ஒருவர் மட்டும் வந்திருந்தார். நாங்கள் வரிசையில் நின்றபோது எங்கள் புத்தகப் பைகளை அவர் காவல் காத்தார். எவரும் அவரை அழைக்கவில்லை. நாமும் அழைக்கவில்லை.

ஆண்டுகள் உருண்டன. நாம் ரயில்வேயில் எழுத்தர் ஆனோம். ஒருநாள் மாதச் சீசன் சீட்டு வாங்க வந்த வரிசையில் அந்நண்பர் நின்றார். நாள்தோறும் பெங்களூர் சென்று கட்டட வேலைக்கு மின்கம்பி பொருத்துபவர். நம்மை அடையாளங் கண்டு, “அந்தப் படம் இருக்கிறதா? எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்” என்றார்.

அச்சொல்லில் குத்தல் இல்லை. ஆயினும் நம்மைக் குத்தியது. மறுநாள் படத்தைக் கொண்டு வந்தோம். ஒவ்வொரு முகமாகத் தொட்டு, இவர் ஓசூரில், இவர் துபாயில், இவர் இறந்துவிட்டார் என்று அவரே கூறினார். வரிசையில் நின்ற நாம் அறியாதவற்றை, வெளியே நின்ற அவர் அறிந்திருந்தார். மன்னிப்புக் கேட்டோம். “பிள்ளைப் பருவத்தில் செய்தது; விடுங்கள்” என்றார். அதே பிள்ளைப் பருவத்தில்தான் அவர் எங்கள் பைகளைக் காத்தார். முதிர்ச்சி வயதினால் வருவதாயின், அன்று நம் இருவர்க்கும் வயது ஒன்றே!

அன்றிரவு படத்தின் பின்புறம் அப்பதினொருவர் பெயர்களை எழுத அமர்ந்தோம். ஒன்பது பெயர்களே நினைவில் வந்தன. பத்தாவதை நண்பர் கூறினார். பதினோராவது பெயர் அவருக்கும் நினைவில்லை. அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

பெற்றோர்களே! பிள்ளையின் தோழன் யார் என்று கேளுங்கள். அவன் தந்தைக்கு என்ன வேலை என்று முதலில் கேளாதீர்கள். அக்கேள்வியிலேதான் பிள்ளை படிகளை எண்ணக் கற்கிறான். மாணவச் செல்வங்களே! விழாவிற்குப் பணம் திரட்டுங்கால், இயன்றவர் இயன்றதை இடுமாறு மூடிய பெட்டியொன்றை வையுங்கள், பட்டியல் வேண்டாம். படத்தில் எல்லாரும் நில்லுங்கள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் காலை வண்டியில் பெமல் பிள்ளையும் கடைவீதிப் பிள்ளையும் லைன் பிள்ளையும் ஒரே கம்பியைப் பற்றி நெருக்கி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அந்த நெருக்கத்தைப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டால் நன்று.