காருக்குள் ஒரு கணினி

ஒரு காலத்தில் என் பழைய காரின் முன் ஆசனத்துக்கு அடியில் ஒரு கணினி இருந்தது. இன்று இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விரல் நகம் அளவிலான அட்டையில் பல்லாயிரம் பாடல்களைச் சுமந்து திரியும் தலைமுறை அவர்களுடையது. ஆனால், 2005ஆம் ஆண்டில் ஹட்டன் போன்றதொரு மலையக நகரில் அது சிறிய காரியமல்ல.

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். மயில்வாகனமும் அப்துல் ஹமீதும் கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலும் ஒலித்தவர்கள். ஆனால், எங்கள் மலைப்பாதைகளில் பண்பலை வானொலி ஒவ்வொரு வளைவிலும் அறுந்து போகும். ஒரு பாட்டின் பல்லவி கொட்டகலையிலும் சரணம் தலவாக்கலையிலுமாகக் கேட்ட அனுபவம் எனக்கு நிறையவே உண்டு.

கேம்பிரிட்ஜில் எம்பெக் என்ற சிறு நிறுவனம் 1999இல் வன்தட்டு பொருத்திய கார் இசைக்கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை என் சம்பளத்துக்கு எட்டாதது. 2001இல் வியா நிறுவனம் பதினேழு சென்ரிமீற்றர் சதுரத்தில் கணினிப் பலகை ஒன்றை அறிமுகப்படுத்திய பின்னரே என் போன்றவர்களுக்கு ஆசை பிறந்தது. ஹட்டனில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவர் கொழும்பிலிருந்து அதை வரவழைத்தார்.

“சேர், பாட்டுக் கேக்க இவ்வளவு செலவு தேவையா?” என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

அதற்குள் இருந்தவை ஏழு கெசட்டுகள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதி முடித்தது. அந்த எண்ணிக்கையில் ஒருத்தி என் அக்கா. 1982இல் கணவருடன் ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரி போய்ச் சேர்ந்தாள். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கப்பலும் நின்று போயிற்று. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்கிய டேப் ரெக்கோடரில் பேசியே அவர் மகளுக்குக் கடிதம் அனுப்பினார். பொத்தானை அழுத்துவது என் வேலை. “புள்ள, நல்லா இருக்கியா?” என்று தொடங்குவார். கொழுந்து விலை, கோயில் திருவிழா, யார் வீட்டில் சாவு என்று எல்லாம் வரும். நடுவில் பாட்டும் வரும். 1996இல் அம்மா இறந்தபோது அக்கா அந்தக் கெசட்டுகளையெல்லாம் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மலைநாட்டு ஈரம் ஒலிநாடாவின் எதிரி. 2005இல் திறந்து பார்த்தபோது நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்தேன். ஏழு கெசட்டுக்கு ஏழு மணித்தியாலம். எம்பி3 ஆக்கிய பின் எல்லாமாக நானூறு மெகாபைட். அத்துடன் பழைய திரைப்பாடல்களையும் சேர்த்து வன்தட்டில் ஏற்றினோம்.

வேலை எளிதாக முடியவில்லை. காரை முடுக்கும் கணத்தில் பற்றரியின் மின்னழுத்தம் சரியும். கணினி செத்துப் பிழைக்கும். அதைத் தாங்கும் மின்வழங்கி ஒன்றைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. திரை வைக்கவில்லை. கியர் அருகே எண் விசைப்பலகை ஒன்றை ஒட்டினோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பாடல் தொகுதி. ஏழாம் எண் அம்மாவுடையது. ஹட்டன் பஸ் நிலையத்தருகே சாவியைத் திருப்பினால் மல்லியப்புச் சந்திக்குக் கிட்டத்தான் பாட்டுத் தொடங்கும். சில பதிவுகளில் தகரக் கூரையில் மழை பெய்யும். வெளியிலும் மழை பெய்தால் எது எந்த மழை என்று தெரியாது.

பிழை விட்டவன் நான்தான். வீடு மாறியபோது சிக்கிக் கிழிந்த கெசட்டுகளை வீசிவிட்டேன். வீட்டுக் கணினியை மாற்றியபோது “காரில் இருக்கிறதே” என்று அந்தக் கோப்புகளைப் பிரதி எடுக்கவில்லை.

வன்தட்டின் வாசிக்கும் முனை, சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதப்பது. நுவரெலியாவின் 1,870 மீற்றர் உயரத்தை அது தாங்கும். தோட்டத்துக் குழிகளைத் தாங்குமா? 2007இல் ஒரு நாள், செய்தி ஒன்றுக்காகப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாதையொன்றில் போனபோது, ஆசனத்தின் கீழே ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டது. பிறகு மௌனம். கொழும்பில் திறந்து பார்த்தவர், தட்டின் மேற்பரப்பே உராய்ந்துவிட்டது என்றார். வாழ்க்கை முழுவதும் பிறர் இழந்தவற்றை எழுதியவன், அன்று என் இழப்பை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் திட்டவில்லை. “தம்பி, நீ எனக்கு ஒரு சீடி அனுப்பினியே, மறந்துட்டியா?” என்றாள். உண்மையில் மறந்துவிட்டேன். அவள் வீட்டுக் கருவி எம்பி3 வாசிக்காது என்பதால் சாதாரண ஒலித்தட்டாகவே அனுப்பியிருந்தேன். அதில் எண்பது நிமிடத்துக்கு மேல் அடங்காது. ஆகவே, ஏழு மணித்தியாலத்தில் எண்பது நிமிடம் பிழைத்தது. அக்காவின் முதல் பிள்ளைக்காக அம்மா பாடி அனுப்பிய தாலாட்டு அதில் இல்லை.

அந்தச் சீடியிலிருந்து எடுத்த பிரதிகள் இப்போது நான்கு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு கடலுக்கு அப்பால். வீட்டில் பழைய கெசட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோளும் இதுதான்: பிரதி எடுங்கள், எடுத்ததை உறவினருக்குக் கொடுங்கள். என்னிடம் இருந்தது அழிந்தது, கொடுத்ததுதான் மிஞ்சியது.

கணினி இருந்த இடத்தில் இப்போது குடை கிடக்கிறது. பாட்டுக்குக் கைத்தொலைபேசி போதும். சென்ற மாதம் அதில் அக்காவின் குரல்பதிவு ஒன்று வந்தது. அந்தத் தாலாட்டைத் தன் பேத்திக்குப் பாடியிருந்தாள். இரண்டு அடி மறந்துவிட்டதாம். அந்த இடத்தில் வெறுமனே ராகம் இழுத்திருக்கிறாள். அதையும் நான்கு பிரதிகள் எடுத்து வைத்தேன்.